பன்றி வேட்டை ரிவால்வருக்கு எது சரி: ரீமர் வேலையா, புதுச் சிலிண்டரா, புதுத் துவக்கா?

டெக்சாஸில் இருக்கும் என் தங்கச்சியின் மகனிடம் ஒரு ரூகர் பிளாக்ஹாக் இருக்கிறது. .45 கோல்ட் ரவை போடும் ஆறு அறை ரிவால்வர். காட்டுப்பன்றிக்கு என்று வாங்கினான். அங்கே பன்றிக் கூட்டம் ஒரே இரவில் பயிரை உழுது போட்டுவிட்டுப் போய்விடும் என்பதால் காணிக்காரர்களே வேட்டைக்காரர்களைக் கூப்பிடுகிறார்களாம். செப்பு உறை போட்ட கடைச் சன்னத்துக்கு அந்தத் துவக்கு ஒழுங்காகத்தான் சுடுகிறது. வார்த்த ஈயச் சன்னம் போட்டால் 25 யார்ட் தூரத்தில் கை விரித்த அகலத்துக்குப் பரவுகிறது. இரண்டு பெட்டி முடிவதற்குள் குழலின் பின்பக்கத்தில் ஈயம் பட்டை பட்டையாக ஒட்டிக்கொள்கிறது.

"மாமா, இருக்கிற சிலிண்டரையே திருத்துவிப்பதா, ஐந்து அறையில் புதுச் சிலிண்டர் செய்விப்பதா, இல்லாவிட்டால் இதை விற்றுவிட்டு ஃபிரீடம் ஆர்ம்ஸ் கம்பனியின் துவக்கு வாங்குவதா?" என்று கேட்டான். மூன்றுக்கும் ஆட்கள் சத்தியம் பண்ணுகிறார்களாம்.

நான் துவக்குக்காரன் இல்லை. திருகோணமலையில் மீன்பிடிப் போட் எஞ்சின்களுக்குச் சிலிண்டர் போர் செய்துகொடுக்கிற லேத்காரன். இந்த நாட்டில் லைசன்ஸ் இல்லாமல் துவக்கு வைத்திருந்தால் சிறைதான். அதோடு செக்பொயின்ட் காலத்தில் இங்கே வளர்ந்தவர்களுக்குத் துவக்கின் முன்பக்கம்தான் பழக்கம், பின்பக்கம் இல்லை. ஆனால் அவன் கேட்டது குறி பார்ப்பது பற்றி அல்ல. உருக்கில் போட்ட துளை வட்டமா, நேரா, சொன்ன அளவா என்று கேட்டான். அது என் தொழில். அவன் அனுப்பிய அளவுகளையும், அங்கே பெயர்பெற்ற கைவினைஞர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வெளிநாட்டுத் தம்பிமாருக்கும் உதவலாம்.

ரைஃபிளில் ரவை இருக்கும் அறையும் குழலும் ஒன்றோடொன்று இறுகி, ஒரே நேர்கோட்டில் நிற்பவை. ரிவால்வரில் அறை வேறு, குழல் வேறு. சுத்தியலைப் பின்னால் இழுக்கும்போது ஒரு நகம் சிலிண்டரை 60 பாகை திருப்புகிறது. கீழேயிருந்து ஒரு நாக்கு எழுந்து சிலிண்டரின் வெளிப்புறத்தில் உள்ள வெட்டுக்குள் விழுந்து பூட்டுகிறது. வெடித்ததும் சன்னம் அறையின் முன்வாயைக் கடந்து, ஒரு மெல்லிய இடைவெளியைத் தாண்டி, குழலின் பின்வாயில் உள்ள சரிவுக்குள் நுழைய வேண்டும். ஆறு அறையென்றால் ஆறு தடவையும் இது பிசகாமல் நடக்க வேண்டும். குழலுக்கு எவ்வளவு காசு கொட்டினாலும் சிலிண்டர் பிழைத்தால் துவக்குப் பிழைதான்.

முதலில் அளவு. .45 கோல்டுக்கு வார்க்கும் ஈயச் சன்னம் வழக்கமாக .452 அங்குலம், அதாவது 11.48 மில்லிமீட்டர். அறையின் முன்வாய் அதைவிட ஒரு மயிரிழை கூடுதலாக, .4525 அளவில் இருந்தால் சன்னம் தன் விட்டம் குறையாமல் குழலுக்குப் போய்ச் சேரும். ரூகரின் .45 சிலிண்டர்களில் இந்த வாய் ஒடுங்கி .449, .450 என்று வருவது வெகுகாலமாகத் தெரிந்த குறை. ஒடுங்கிய வாயில் ஈயச் சன்னம் பிழியப்பட்டு மெலிகிறது. மெலிந்தது .451, .452 விட்டமுள்ள குழலுக்குள் தளர்வாக ஓடும். பின்னாலிருந்து வரும் சூடான வாயு அதன் பக்கத்தால் பீறிக்கொண்டு போய் ஈயத்தைக் கரைத்துக் குழலில் பூசிவிடும். செப்பு உறைச் சன்னத்துக்கு இந்தக் கரைச்சல் குறைவு. அவனுடைய துவக்கின் நடத்தை இதற்கு அப்படியே பொருந்துகிறது.

ஆனாலும் பொருந்துகிறது என்பதற்காகக் கத்தி வைக்க முடியாதே. ஒரு பின் கேஜ் பெட்டி வாங்கச் சொன்னேன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கூடிக்கொண்டு போகும் உருக்குக் குச்சிகள்தான், வேறொன்றும் இல்லை. ரவை எதுவும் அறையில் இல்லையென்று பார்த்துவிட்டு, சிலிண்டரைக் கழற்றி, வாய்களைக் கரைப்பான் போட்டுத் துடைத்து, வீடியோ அழைப்பில் எனக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாகப் போட்டான். .449 ஆறு வாயிலும் தன் பாரத்தில் இறங்கியது. .450 இரண்டு வாயில் மெதுவாகப் போனது, நாலில் விளிம்பிலேயே நின்றுவிட்டது. .451 எதிலும் தொடங்கவே இல்லை. தள்ளிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். தள்ளினால் அது அளவு இல்லை, அடாவடி என்றேன்.

மற்றவை நன்றாக இருந்தன. சிலிண்டரின் முகத்துக்கும் குழலுக்கும் இடையில் .005 ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போனது, .006 போகவில்லை. சிலிண்டர் முன்பின்னாக ஆடுவது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. பூட்டிய நிலையில் பக்கவாட்டில் கொஞ்சம் அசைகிறது, தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து வருகிற துவக்குக்கு அது சாதாரணம். அதன்பிறகு பக்கத்து ஊர்த் துவக்குத் திருத்துநர் ஒருவரிடம் கொண்டுபோய், குழல் வழியாக அச்சொட்டாக இறங்கும் நேர்க்கோல் ஒன்றைவிட்டு ஒவ்வொரு அறையையும் பார்ப்பித்தான். ஐந்து அறையில் கோல் தங்குதடையின்றி இறங்கியது. ஆறாவதில் ஒரு பக்க விளிம்பை உரசிக்கொண்டு போனது.

ஆறாவது மட்டும் உரசாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

முதல் வழி, இருக்கிற சிலிண்டரின் வாய்களை ரீமர், அதாவது துளையைச் சீவி அகலமாக்கும் பல்லுள்ள கருவி, போட்டு .4525 ஆக்குவது. மூன்றிலும் மலிவு இதுதான். திறமையான ஆளுக்கு ஒரு பின்னேர வேலை. ஆனால் எப்படிச் செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரீமரின் முன்னால் பைலட், அதாவது வழிகாட்டும் குச்சி, ஒன்று இருக்க வேண்டும், இருக்கிற வாயின் அளவுக்கே மாற்றி மாற்றிப் போடக்கூடியதாக. அது துளையில் நெருக்கமாக உட்கார்ந்தால்தான் வெட்டும் பற்கள் ஒரு பக்கம் சாயாது. நிறைய எண்ணெய் விட்டு, கையால், ஒரே திசையில் சுழற்றி, வெளியே எடுக்கும்போதும் அதே திசையில் சுழற்றியபடியே எடுக்க வேண்டும். திருப்பிச் சுழற்றினால் சீவல் பல்லுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக் கீறும். கடைசியில் மெல்லிய ஹோன் (உரைக்கும் கல்) ஓட்டம், பளபளப்புக்காக இல்லை, ரீமர் விட்ட தடத்தை ஆற்றுவதற்கு.

கெட்ட வேலையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குச்சியில் மணல்தாளைச் சுற்றி டிரில் மெஷினில் மாட்டிச் சிலிண்டருக்குள் விடுகிற ஆட்கள் எல்லா நாட்டிலும் உண்டு. விளிம்பில் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் தேய்ந்து வாய் விரிந்துபோகும். விளிம்பில் மட்டும் குச்சி வைத்துப் பார்த்தால் .4525 என்று காட்டும். அரை அங்குலம் உள்ளே போனால் பழைய .450 அப்படியே இருக்கும். அதனால் வேலை முடிந்து வந்ததும் பின் கேஜ் வாயின் முழு நீளத்துக்கும் ஒரே இறுக்கத்தில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறும் ஒன்றுபோல் இருப்பது, சொன்ன எண் அச்சாக வருவதைவிட முக்கியம். ஆறும் .4528 என்றால் நான் கவலைப்பட மாட்டேன். மூன்று .452, மூன்று .4535 என்றால் திருப்பி அனுப்பச் சொல்வேன். ஆனால் திருப்பி அனுப்பி என்ன பயன்? எடுத்த உருக்கைத் திரும்ப வைக்க முடியாது. அளவு மிஞ்சிவிட்டால் அந்தச் சிலிண்டர் பழைய இரும்புக்குத்தான்.

இன்னொரு எல்லையும் இந்த வழிக்கு உண்டு. பைலட் பழைய துளையைப் பிடித்துக்கொண்டு போவதால் ரீமர் வாயின் அளவைத் திருத்தும், இடத்தைத் திருத்தாது. எங்களிடம் வருகிற போட் எஞ்சின் சிலிண்டரும் இப்படித்தான். தேய்ந்த போரையே நம்பி மையம் பிடித்து வெட்டினால் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு அளவு கணக்காக வரும், சாய்வு மட்டும் அப்படியே இருக்கும். கிராங்கேஸில் உட்காரும் முகத்திலிருந்து மையம் பிடித்தால்தான் நேராகும். மருமகனின் ஆறாவது அறை எங்கே உரசியதோ, ரீமர் போட்ட பிறகும் அங்கேதான் நிற்கும்.

இரண்டாவது வழி அந்த இடப் பிழையையே வேரோடு எடுக்கிறது. வெறும் உருக்குக் கட்டையிலிருந்து புதுச் சிலிண்டர் கடைவார்கள். துவக்கின் உடலான பிரேமில் சிலிண்டர் உட்காரும் சன்னலில் இடம் உள்ளவரைக்கும் பெரிதாக்கி, நகத்துக்கான பற்களையும் பூட்டு வெட்டுகளையும் முதலில் செய்து, துவக்குக்குள் பொருத்திப் பூட்டுவார்கள். அறைகள் இன்னும் துளைக்கப்பட்டிருக்காது. அதன்பிறகு, குழல் உட்காரும் துளையின் வழியாகவே வழிகாட்டி வைத்து, சிலிண்டர் பூட்டி நிற்கும் ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வோர் அறையையும் துளைப்பார்கள். பூட்டு வெட்டு ஒரு மயிரிழை தள்ளியிருந்தால் என்ன, சிலிண்டரின் அச்சு கொஞ்சம் மாறியிருந்தால் என்ன, எந்த இடத்தில் பூட்டுகிறதோ அந்த இடத்தில்தான் துளையே விழுகிறது. பிழைகள் தாங்களாகவே கழிந்துபோகின்றன. லைன் போரிங் என்று இதைச் சொல்கிறார்கள். தொழிற்சாலையில் சிலிண்டர் ஒரு மெஷினிலும் பிரேம் இன்னொரு மெஷினிலும் செய்யப்பட்டு, பெட்டிக்குள் கையைவிட்டு எடுத்துப் பொருத்தப்படுகின்றன. அந்தச் சிலிண்டர் எந்தப் பிரேமுக்கும் ஓரளவு பொருந்தும். லைன் போர் செய்தது ஒரே ஒரு பிரேமுக்குத்தான் பொருந்தும். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மூன்று வழியிலும் என் மனதைப் பிடித்தது இதுதான். ஆனால் மனதைப் பிடித்தது வேறு, தேவைப்படுவது வேறு.

ஆறுக்குப் பதில் ஏன் ஐந்து அறை? ஆறு அறைச் சிலிண்டரில் பூட்டு வெட்டு அறையின் மேலேயே வந்து விழுகிறது. ஏற்கெனவே மெல்லிய .45 அறைச் சுவர், அந்த வெட்டின் அடியில் இன்னும் மெலிகிறது. ரூகர் அந்த வெட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வெட்டியிருந்தாலும் மெலிவு மெலிவுதான். ஐந்து அறையில் வெட்டுகள் இரண்டு அறைகளுக்கு நடுவில், தடித்த உருக்கில் விழும். இந்த ஞானம் சும்மா வரவில்லை. எல்மர் கீத் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் கனமான வெடிமருந்து போட்டு .45 சிலிண்டரை வெடிக்கவைத்துவிட்டுத்தான் சுவர் தடித்த .44க்கு மாறினார். டிக் காசல் என்ற துவக்குக் கைவினைஞர் 1950களில் ஐந்து அறைச் சிலிண்டர் செய்து அதே .45 விட்டத்தில் .454 காசல் ரவையை உருவாக்கினார். பிறகு வயோமிங்கின் ஜான் லைன்பா ரூகர் பிரேம்களில் ஐந்து அறைச் சிலிண்டர் பொருத்தி 1980களில் .475, .500 வரைக்கும் போனார். இன்று இந்த வேலையில் பெயர் வாங்கியவர்கள் பெரும்பாலும் இவர்கள் போட்ட பாதையில் போகிறவர்கள்தான்.

விலையும் காத்திருப்பும்தான் இதன் குறைகள். ரூகரை வாங்கியதைவிடச் சிலிண்டருக்கு அதிகம் கொடுக்க வேண்டிவரும். பெயர்பெற்ற ஆளென்றால் மாதக்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில் வரிசை. ஐந்து அறைக்கு 72 பாகை திரும்ப வேண்டுமென்பதால் நகத்திலும் வேலை செய்வார்கள். எனவே பழைய ஆறு அறைச் சிலிண்டரைத் தேவைப்படும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம். லைன் போர் செய்த ஆறு அறைச் சிலிண்டரும் செய்விக்கலாம். மருமகனுக்குக் கனமான மருந்து வேண்டாம், நேர் மட்டும் வேண்டுமென்றால் அதுதான் பொருத்தம்.

இந்த இடத்தில் ஒரு குறுக்கு வழிக்காரரும் வருவார். இணையத்தில் யாரோ கழற்றி விற்கும் ரூகர் சிலிண்டரை மலிவாக வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பார். சிலிண்டர் உள்ளே போய்விடும், சுற்றவும் சுற்றும். பூட்டுவதற்கு முன்பே சுத்தியல் விழுகிறதா, இடைவெளி எவ்வளவு, அறை குழலுக்கு நேரா என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். தெரிந்த குறையைக் கொடுத்துத் தெரியாத குறையை வாங்கும் வியாபாரம். விட்டுவிடலாம்.

மூன்றாவது வழி ஃபிரீடம் ஆர்ம்ஸ் மாடல் 83. வயோமிங்கில் ஃபிரீடம் என்ற சின்ன ஊரிலிருந்து 1983இல் வெளிவந்தது. டிக் காசலின் ஐந்து அறை யோசனையைக் கடையில் வாங்கக்கூடிய துவக்காக்கியது இதுதான். துருப்பிடிக்காத உருக்கு, லைன் போர் செய்த சிலிண்டர், கை வைத்தால் அசையாத பூட்டு. .45 கோல்டுக்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்ட். .454 காசலுக்கு 65,000. அந்தப் பாரத்தைத் தாங்கும் சிலிண்டரில் சாதாரண .45 கோல்ட் போட்டால் அதற்குத் தெரியவே தெரியாது.

ஆனால் சுடுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். .45 கோல்டின் கோது (மருந்து அடங்கும் பித்தளைக் கூடு) .454இன் கோதைவிடக் குட்டை. நீண்ட அறையில் குட்டை ரவையைச் சுட்டுக்கொண்டே இருந்தால், கோது முடிகிற இடத்துக்கு முன்னால் கரி வளையம் பிடிக்கும். அதைச் சுரண்டாமல் .454 போட்டால் கோதின் வாய் அந்த வளையத்தில் நெரிந்து அழுத்தம் ஏறும். இதற்காகவே .45 கோல்டுக்கென்று தனிச் சிலிண்டரை அதே துவக்குக்குப் பொருத்திக் கொடுப்பார்கள். அதற்கும் தனி விலை. இறுக்கமான இடைவெளி கொண்ட துவக்கு என்பதால் அழுக்கையும் பொறுக்காது. அடிக்கடி துடைக்கிற சுபாவம் வேண்டும். மருமகனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், அவன் சைக்கிள் செயினுக்கே எண்ணெய் விடாதவன்.

சரி, எதை எடுப்பது? என் வாக்கு முதல் வழிக்கு. குறை எங்கே என்று அளந்து தெரிந்துவிட்டது, அது அளவுக் குறை, ரீமர் தீர்க்கிற குறை. அவன் பன்றியைச் சுடுவது 50 யார்டுக்குள், சாதாரண மருந்தில். பத்தில் ஒரு பங்கு காசுக்கு வேலை முடிகிறபோது லைன் போரிங்கின் அழகுக்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை. வாய்கள் .455, .456 என்று ஏற்கெனவே விரிந்திருந்தால் ரீமருக்கு அங்கே வேலையே இல்லை, இரண்டாவது வழிக்குத்தான் போயிருப்பேன். நேர்க்கோல் மூன்று நாலு அறையில் உரசியிருந்தாலும் அப்படித்தான். கரடி நடமாடும் மலைக்குப் போகிறேன், கனமான ரவைதான் வேண்டும் என்று சொல்லியிருந்தால், ரூகரில் காசைக் கொட்டாமல் நேரே மூன்றாவதற்குப் போ என்றிருப்பேன். பழையதாக, அதிகம் சுடாததாக ஒன்று கிடைத்தால் ஐந்து அறைச் சிலிண்டருக்காகக் காத்திருக்கும் காலமும் மிச்சம்.

அந்த ஆறாவது அறையை என்ன செய்வது? உரசல் இலேசானது. மொத்தமாகச் செய்த துவக்கில் சிலிண்டர் கொஞ்சம் பக்கவாட்டில் அசைய விட்டிருப்பதே இதற்காகத்தான். சன்னம் குழலின் சரிவுக்குள் நுழையும்போது சிலிண்டரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்தச் சரிவை 11 பாகைக்குச் சுத்தமாக வெட்டித்தரும்படி அதே திருத்துநரிடம் சேர்த்துக் கேட்கலாம், அதிகச் செலவில்லை. அப்படியும் அந்த அறையின் சன்னம் மட்டும் தனியே விலகி விழுந்தால், வேட்டைக்குப் போகும்போது அதை வெறுமையாக விட்டு ஐந்து ரவை போட்டால் போயிற்று. 1973க்கு முந்தைய ரூகர்களிலும் பழைய கோல்டிலும் சுத்தியல் விழும் அறையைப் பாதுகாப்புக்காக வெறுமையாக விடுவது வழக்கம்தானே. அதற்குப் பிந்திய ரூகரில் டிரான்ஸ்ஃபர் பார் (விசையை இழுக்காமல் ரவை வெடிக்காதபடி தடுக்கும் பாகம்) இருப்பதால் அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் தடையும் இல்லை. ஐந்து அறைச் சிலிண்டருக்குக் காசு கொடுக்கிறவனுக்கும் கடைசியில் ஐந்து ரவைதான்.

திருத்துநருக்கு அனுப்பும்போது சிலிண்டரை மட்டும் பிரித்து அனுப்ப வேண்டாம், முழுத் துவக்கும் போகட்டும். லைசன்ஸ் உள்ள திருத்துநர் வேலை முடிந்ததும் நேரே உரிமையாளருக்கே திருப்பி அனுப்ப அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. கூடவே தான் வார்க்கிற சன்னத்தில் ஒரு பிடி அனுப்பட்டும். .452 என்று கடிதத்தில் எழுதுவதைவிட அதைக் கையில் கொடுப்பது நல்லது. முன்னும் பின்னும் ஆறு வாயின் அளவையும் எழுத்தில் கேட்கச் சொன்னேன். அளவு எழுதித் தர முகம் சுளிக்கிற ஆளிடம் சிலிண்டர் கொடுக்கவே கூடாது, அது டெக்சாஸ் ஆனாலும் திருகோணமலை ஆனாலும்.

திரும்பி வந்ததும் குழலில் ஒட்டிய பழைய ஈயத்தை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்காமல் சுட்டால் பழைய குறையா புதுக் குறையா என்று பிரிக்க முடியாது. அறைகளுக்கு இலக்கமிட்டு, ஆறு தாள் தொங்கவிட்டு, முதலாம் தாளுக்கு முதலாம் அறையிலிருந்து மட்டும் ஐந்து ரவை, இரண்டாம் தாளுக்கு இரண்டாம் அறையிலிருந்து மட்டும் என்று சுடச் சொல்லியிருக்கிறேன். மேசையில் ஊன்றி, ஆறுதலாக, ஒரே வார்ப்புச் சன்னத்தில். அந்த ஆறு படமும் கையில் வந்த பிறகு வேண்டுமானால் ஐந்து அறைச் சிலிண்டர் பற்றிக் கதைக்கலாம். அதுவரைக்கும் விலைப்பட்டியலைத் தன் அம்மாவின் கண்ணில் காட்டாமல் இருப்பது அவன் பொறுப்பு.